பட்டன் அழுத்தினால் விரியும் பகுதி: பலகாரப் பட்டியலுக்கு எது, டைல்ஸ் படங்களுக்கு எது?

காரைக்குடி வட்டாரத்தில் சிறு தொழில்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை இது. பலகாரக் கடையின் விலைப்பட்டியல் நீளம். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு டிசைன் படங்கள் ஏராளம். கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவருக்கு அறை விவரம், வரைபடம், வீடியோ எல்லாம் ஒரே பக்கத்தில் வேண்டும். "எல்லாத்தையும் விரிச்சுப் போடாதீங்க, பட்டனை அமுக்கினா வரட்டும்" என்பார்கள். அதைச் செய்ய அரை டஜன் வழி இருக்கிறது. திறந்து காட்டும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வித்தியாசம் மூடியிருக்கும்போதுதான். உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் கிடைக்குமா? அச்செடுத்தால் தாளில் வருமா? அந்தப் பகுதிக்கென்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுட்டி சரியான இடத்தில் போய் நிற்குமா? சிக்னல் சரியில்லாமல், பட்டனை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இறங்காவிட்டால் திறக்க முடியுமா? இந்த நான்கு கேள்விக்கும் வரும் பதிலை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அசைவு எவ்வளவு அழகு என்பது கடைசிக் கேள்வி.

மறைப்பதே மூன்று விதம்

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே மதிப்பை ‘நன்’ (none, எதுவுமில்லை) என்று வைத்தால் அந்தப் பகுதி பக்கத்தின் அமைப்பிலிருந்தே போய்விடும். இடம் பிடிக்காது, டேப் விசை உள்ளே போகாது, பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் படிக்காது. விசிபிலிட்டியை ‘ஹிட்டன்’ என்று வைப்பது வளவு (நடு முற்றம்) உள்ள வீட்டில் ஓர் அறையைப் பூட்டி வைப்பது போல: உள்ளே போக முடியாது, ஆனால் அறைக்கான இடம் அப்படியே இருக்கும். பக்கத்தில் பெரிய வெற்றிடம் தெரியும். ஒபாசிட்டியை, அதாவது எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவை, சுழியமாக்குவது இருப்பதிலேயே ஆபத்தானது. கண்ணுக்குத் தெரியாதே தவிர, உள்ளே இருக்கும் சுட்டியும் பட்டனும் வேலை செய்துகொண்டே இருக்கும். வெற்று இடம் என்று நினைத்து விரல் வைத்தால் வேறு பக்கம் திறந்துவிடும். பகுதிகளைத் திறந்து மூட முதல் வகைதான் பொருத்தம். மற்ற இரண்டும் அசைவுக்குத் துணையாக மட்டும்.

எங்கும் கிடைக்கும் பழைய நிரல்

தேடினால் முதலில் அகப்படுவது இதுதான்: பட்டனின் ஆன்கிளிக்கில் ஒரு ஃபங்ஷன், அது கெட்-எலிமென்ட்-பை-ஐடி மூலம், ஐடி என்ற தனிப்பெயரை வைத்துப் பகுதியைப் பிடிக்கும், ஸ்டைல் டிஸ்ப்ளே ‘நன்’ என்று இருந்தால் ‘பிளாக்’ ஆக்கும், இல்லாவிட்டால் ‘நன்’ ஆக்கும். நான்கு வரிதான். அதற்குள் பிழைகள் கொட்டிக் கிடக்கின்றன.

முதல் பிழை, முதல் அழுத்தலில் எதுவும் நடக்காது, இரண்டாவதில்தான் திறக்கும் என்பது. ஸ்டைல் டிஸ்ப்ளே என்ற பண்பு எலிமென்ட்டின் மேலேயே எழுதிய ஸ்டைலை மட்டும் படிக்கும். சிஎஸ்எஸ் கோப்பில் நீங்கள் ‘நன்’ என்று எழுதியிருந்தாலும் அதற்குத் தெரியாது. வெற்றுச் சரத்தைத்தான் திருப்பித் தரும். ‘நன்’ இல்லையே என்று நிரல் முடிவு செய்து, ஏற்கெனவே மறைந்திருப்பதை இன்னொரு முறை மறைக்கும். கிளாஸைச் சேர்த்து நீக்கும் முறைக்கு மாறினால் இந்தச் சிக்கல் அடியோடு போய்விடும்.

இரண்டாவது, முறுக்கு வகைக்கு எழுதிய துண்டை நகலெடுத்துச் சீடை வகைக்கும் அதிரசத்துக்கும் ஒட்டும்போது ஐடியை மாற்ற மறப்பது. ஒரே ஐடி மூன்று இடத்தில் இருந்தால் முதலாவதுதான் கிடைக்கும். கீழே எந்தப் பட்டனை அழுத்தினாலும் மேலே முறுக்குப் பட்டியல் திறந்து மூடும். அது திரைக்கு வெளியே நடப்பதால் போனில் பார்ப்பவருக்குப் பட்டன் செத்துப்போனது போலத்தான் தெரியும்.

மூன்றாவது பெயர் சார்ந்தது. ஆன்கிளிக்கில் நேரடியாக எழுதும் ஃபங்ஷனுக்கு ‘ஓப்பன்’ என்று பெயர் வைத்தால், பிரவுசர் உங்கள் ஃபங்ஷனுக்கு முன்னால் டாக்குமென்ட்டின் சொந்த ‘ஓப்பன்’ முறையைக் கண்டுபிடித்து அதை இயக்கிவிடும். பக்கம் முழுக்க வெள்ளையாகிவிடும். ‘ரிமூவ்’ என்று பெயர் வைத்தால் பட்டனே காணாமல் போகும். உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையை (வெளியார் நிரல் புகாமல் தடுக்கும் விதி) கண்டிப்பாக வைத்திருக்கும் தளங்களில் இப்படி வரிக்குள் எழுதிய ஆன்கிளிக் இயங்கவே இயங்காது. ஆட்-ஈவென்ட்-லிசனர் வழியே நல்லது.

ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் ஸ்லைடு-டாகிள் இன்றும் பலர் கையில் இருக்கிறது. ஒரு வரியில் அசைவோடு திறக்கும், உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் ஜேக்வெரியை ஏற்றினால், சுருக்கிய பிறகும் சுமார் 30 கேபி கூடுதலாக இறங்கும். வேர்ட்பிரஸ் தீம் அதை ஏற்கெனவே ஏற்றியிருந்தால் பயன்படுத்துவதில் தவறில்லை. அங்கே டாலர் குறி நேரடியாக வேலை செய்யாது, ஜேக்வெரி என்ற முழுப் பெயரை எழுத வேண்டும். செக்பாக்ஸை ஒளித்து வைத்துச் சிஎஸ்எஸ்ஸால் மட்டும் திறக்கும் தந்திரத்தைப் புதிய பக்கங்களில் விட்டுவிடலாம். ஸ்கிரீன் ரீடர் அதைத் தேர்வுப் பெட்டி என்றுதான் சொல்லும்.

டீடெய்ல்ஸ்: நிரலே வேண்டாம்

எச்டிஎம்எல்லில் டீடெய்ல்ஸ் என்ற எலிமென்ட், அதன் முதல் பிள்ளையாகச் சம்மரி. சம்மரியை அழுத்தினால் மீதி விரியும். குரோம் 2011 முதல், ஃபயர்பாக்ஸ் 2016 முதல், எட்ஜ் 2020 முதல் இதைப் புரிந்துகொள்கின்றன. இன்று ஒரு போனிலும் பிரச்சினை வராது என்று நம்பிப் போடலாம். விசைப்பலகை, ஸ்கிரீன் ரீடர், திறந்த மூடிய நிலை எல்லாவற்றையும் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் இறங்காவிட்டாலும் திறக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை முதல் தேர்வாக வைக்கலாம்.

நகரத்தார் கோயில்கள் ஒன்பதைப் பற்றிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொன்றுக்கும் வழி, நடை திறக்கும் நேரம், சிற்ப விவரம். ஒன்பது டீடெய்ல்ஸ் போட்டால் பக்கம் போனில் ஒரே திரைக்குள் அடங்கும். குரோமில் ‘பக்கத்தில் தேடு’ என்று போட்டுக் கல்தூண் பற்றிய ஒரு சொல்லைத் தட்டினால், அது மூடிய பகுதிக்குள் இருந்தாலும் பிரவுசரே திறந்து காட்டும். டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்ததில் இது நடக்காது; ‘0 முடிவுகள்’ என்று வரும். வந்தவர் தகவலே இல்லை என்று நினைத்துப் போய்விடுவார்.

ஒன்று திறந்தால் மற்றது மூடும் அக்கார்டியன் வேண்டுமென்றால் எல்லா டீடெய்ல்ஸுக்கும் ஒரே நேம் அட்ரிபியூட் கொடுத்தால் போதும். குரோம் 120, சஃபாரி 17.2 இரண்டும் 2023 டிசம்பரில் இதைக் கொண்டுவந்தன. ஃபயர்பாக்ஸ் 130 அடுத்த ஆண்டு. பழைய பிரவுசரில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திறக்கும், வேறு கேடில்லை. ஆனால் கோயில் பக்கத்துக்கு இதைப் போட வேண்டாம். ஒரே நாளில் மூன்று கோயில் பார்க்க வருபவர் நடை நேரங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒன்றைத் திறக்கும்போது இன்னொன்றை மூடுவது அவர் வேலையைக் கெடுக்கிறது. மேலே இருப்பது மூடும்போது பக்கம் மேலேறி, அவர் அழுத்திய தலைப்பே திரையை விட்டுப் போய்விடுவதும் உண்டு.

சுட்டியில் ஒரு சங்கதி. பகுதியின் ஐடியைத் தமிழிலேயே வைக்கலாம், பிரவுசர் ஏற்கும். ஆனால் அதை நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். ‘வைரவன்பட்டி’ என்பதில் 11 குறிகள். சுட்டியில் அது 99 எழுத்து. பாதியில் வெட்டி ஒட்டினால் சுட்டி போச்சு. நிரலில் லொகேஷன் ஹாஷை (முகவரியில் # குறிக்குப் பின் வருவது) படித்தாலும் இந்தச் சதவீத வடிவம்தான் வரும். டிகோட் செய்யாமல் ஐடியைத் தேடினால் கிடைக்காது. ஐடியை மட்டும் சிறிய ஆங்கில எழுத்தில் வைப்பதே மேல்.

டீடெய்ல்ஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். சம்மரிக்கு டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ் கொடுத்தால் முக்கோணக் குறி மறைந்துவிடும். திறக்கக்கூடியது என்பதற்கு அடையாளமே இல்லாமல் போகும், நீங்களே ஒரு குறி வரைய வேண்டும். சம்மரிக்குள் தலைப்பு எலிமென்ட் வைத்தால் சில ஸ்கிரீன் ரீடர்கள் அதைத் தலைப்பாகச் சொல்லாது. திறந்ததா மூடியதா என்று நிரலில் கவனிக்க டாகிள் நிகழ்வு இருக்கிறது, ஆனால் அது மேலே குமிழாது; பெற்றோரிடம் லிசனர் வைத்துக் காத்திருந்தால் வராது. ஒவ்வொரு டீடெய்ல்ஸிலும் தனியாக வைக்க வேண்டும், அல்லது கேப்சர் கட்டத்தில், நிகழ்வு மேலிருந்து கீழே இறங்கும்போது, பிடிக்க வேண்டும்.

பெரிய குறை அச்சு. மூடிய டீடெய்ல்ஸ் தாளில் தலைப்பாக மட்டும்தான் வரும். கல்யாண வீட்டுக்காரர் பலகாரப் பட்டியலை அச்செடுத்துச் சமையல்காரரிடம் கொடுத்தால், தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எதற்கும் விலையில்லாத தாள் போய்ச் சேரும். பிஃபோர்-பிரின்ட் நிகழ்வில் எல்லா டீடெய்ல்ஸையும் திறந்து, எது முன்பு மூடியிருந்தது என்று குறித்துவைத்து, ஆஃப்டர்-பிரின்ட்டில் திரும்ப மூடுங்கள். பத்து வரிக்குள் முடியும் வேலை.

தனிப் பட்டனும் ஹிட்டன் அட்ரிபியூட்டும்

திறக்கும் பட்டன் ஓரிடத்தில், திறக்கும் பகுதி வேறிடத்தில் என்றால் டீடெய்ல்ஸ் உதவாது. ‘எல்லாவற்றையும் திற’ என்று மேலே ஒரு பட்டன் வேண்டும், ஒரு தேர்வைப் பொறுத்துப் படிவத்தின் ஒரு பகுதி தோன்ற வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்தான். அங்கே எச்டிஎம்எல்லில் எழுதும் ஹிட்டன் அட்ரிபியூட்டைப் பயன்படுத்துங்கள்; மேலே சொன்ன விசிபிலிட்டி ஹிட்டன் வேறு.

அமைப்பு இப்படி. பட்டனுக்குப் பட்டன் எலிமென்ட்டே. டிவ்வுக்குக் கிளிக் வைத்தால் விசைப்பலகையில் வராது. அதற்கு டைப் ‘பட்டன்’, விரிந்ததா என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் ஏரியா-எக்ஸ்பாண்டட் ‘ஃபால்ஸ்’, எதைத் திறக்கும் என்று சொல்லும் ஏரியா-கன்ட்ரோல்ஸில் பகுதியின் ஐடி. பகுதிக்கு அந்த ஐடியும் ஹிட்டனும். லிசனர் ஒன்றே போதும், எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான பெற்றோரிடம். கிளிக் வந்ததும் குளோசஸ்ட் முறையால் பட்டனைக் கண்டுபிடி, ஏரியா-கன்ட்ரோல்ஸிலிருந்து ஐடியை எடு, ஏரியா-எக்ஸ்பாண்டட் ‘ட்ரூ’வா என்று பார்த்து அதைத் தலைகீழாக்கு, பகுதியின் ஹிட்டனையும் அதற்கேற்ப மாற்று. நிலை ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும், ஏரியா-எக்ஸ்பாண்டடில். இரண்டையும் தனித்தனியாகத் தலைகீழாக்கினால் ஒருநாள் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும். ஸ்கிரிப்டை டிஃபர் (பக்கத்தைப் படித்து முடித்த பிறகு இயக்கு) போட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பகுதி உருவாகும் முன்பே தேடி, ‘நல்’ பிழையோடு நிற்கும்.

ஹிட்டன் போட்டும் பகுதி மறையவில்லை என்ற புகார் வந்தால் முதலில் சிஎஸ்எஸ்ஸைப் பாருங்கள். ஹிட்டன் என்பது பிரவுசரின் இயல்புநிலை ஸ்டைலில் இருக்கும் ஒரு டிஸ்ப்ளே நன் மட்டுமே. உங்கள் கிளாஸில் டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ் அல்லது கிரிட் இருந்தால் அதுதான் ஜெயிக்கும். ஹிட்டன் உள்ள எதற்கும் டிஸ்ப்ளே நன், இம்பார்ட்டன்ட் சேர்த்து, என்ற ஒரு விதியைக் கோப்பின் மேலே எழுதிவிட்டால் தீர்ந்தது.

பட்டனின் எழுத்தை ‘காட்டு’, ‘மறை’ என்று மாற்றுவதும் ஏரியா-எக்ஸ்பாண்டடும் சேர்ந்து வேண்டாம். கேட்பவர் காதில் ‘மறை, விரிந்தது’ என்று விழும். ‘முறுக்கு வகைகள்’ என்று நிலையான பெயர் வைத்து, அம்புக்குறி மட்டும் திரும்பட்டும். தமிழ்ப் பெயர்கள் நீளம்; 360 பிக்சல் அகலப் போனில் இரண்டு வரியாகும். பட்டனுக்கு உயரத்தைப் பூட்டாமல் குறைந்தபட்சம் 44 பிக்சல் என்று மட்டும் வைத்தால் எழுத்து வெளியே வழியாது. பகுதிகளை டேப்களாக வரிசையில் அடுக்குவது தமிழ்ப் பக்கத்தில் சரிப்படாததற்கும் இதே காரணம்தான்: ‘அறை வசதிகள்’, ‘சாப்பாட்டு விவரம்’, ‘வந்து சேரும் வழி’ மூன்றும் போன் அகலத்துக்குள் அடங்காது.

இந்த முறையின் பலவீனம் ஜாவாஸ்கிரிப்ட்டை நம்பியிருப்பது. ஹிட்டனை எச்டிஎம்எல்லிலேயே எழுதிவைத்து, ஸ்கிரிப்ட் இறங்காமல் போனால் அந்தப் பகுதியை யாராலும் திறக்க முடியாது. ஸ்கிரிப்ட்டே முதலில் மறைக்கட்டும் என்று விட்டால், பக்கம் முழுசாகத் தெரிந்து பிறகு சட்டென்று சுருங்கும். இரண்டுக்கும் நடுவழி உண்டு: ஹெட் பகுதியில் ஒரு வரி ஸ்கிரிப்ட் எச்டிஎம்எல் எலிமென்ட்டுக்கு ஒரு கிளாஸ் சேர்க்கட்டும், அந்தக் கிளாஸ் இருந்தால் மட்டும் சிஎஸ்எஸ் மறைக்கட்டும். அப்போது திறக்கும் வேலையும் கிளாஸ் வழியாகவே நடக்க வேண்டும்.

குரோம் 102-இல், 2022-ஆம் ஆண்டு, ஹிட்டனுக்கு ‘அன்டில்-ஃபவுண்ட்’ என்ற புது மதிப்பு வந்தது. மூடியிருந்தாலும் பக்கத்தில் தேடினால் கிடைக்கும், கிடைத்ததும் திறக்கும். திறக்கும் முன் பிஃபோர்-மேட்ச் நிகழ்வு வரும். அதில் ஏரியா-எக்ஸ்பாண்டடை ‘ட்ரூ’ ஆக்க மறக்காதீர்கள். புரியாத பிரவுசர் இதைச் சாதாரண ஹிட்டனாக எடுத்துக்கொள்ளும் என்பதால் தயங்காமல் சேர்க்கலாம். மேலே சொன்ன இம்பார்ட்டன்ட் விதியிலிருந்து மட்டும் இந்த மதிப்பை விலக்கி எழுத வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்ப்ளே நன் மேலேறி, தேடல் வேலை செய்யாது.

ஆர்டர் படிவத்தில் சிக்கும் இடம்

‘கடையில் வந்து வாங்குகிறேன்’, ‘கூரியரில் அனுப்புங்கள்’ என்று இரண்டு தேர்வு. இரண்டாவதைத் தொட்டால் முகவரிப் பகுதி திறக்க வேண்டும். பலகாரக் கடைப் படிவத்தில் தவறாமல் இருக்கும் அமைப்பு இது. இங்கே ரெண்டு கோளாறு.

படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எழுதாவிட்டால் அது ‘சப்மிட்’ என்றே பொருள். ‘குறிப்பு சேர்க்க’ என்ற பட்டனை அழுத்தியதும் பகுதி ஒரு கணம் திறந்து, பக்கம் மறுபடி ஏறி, தட்டிய விவரம் எல்லாம் போய்விடும். டைப்பை எழுதினால் சரியாகிவிடும்.

மற்றது இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. முகவரிப் புலங்களுக்கு ‘ரெக்வயர்ட்’ போட்டிருக்கிறீர்கள். கடையில் வாங்குபவருக்கு அந்தப் பகுதி மறைந்திருக்கிறது. அவர் ‘ஆர்டர் செய்’ அழுத்துகிறார். பிரவுசர் காலியான பின்கோடைக் கண்டு படிவத்தை நிறுத்துகிறது. எச்சரிக்கையை அந்தப் புலத்தில் காட்டப் பார்க்கிறது. புலம் மறைந்திருப்பதால் காட்ட முடியவில்லை. திரையில் எதுவும் அசையாது. கன்சோலில் மட்டும் ஒரு பிழை வரி. தீபாவளிக்கு முந்தின வாரம் இப்படி நின்றால் எத்தனை ஆர்டர் போயிருக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியவே வராது. முகவரிப் பகுதியை, புலங்களை ஒரு குழுவாக்கும் ஃபீல்டுசெட்டுக்குள் வைத்து, ஹிட்டனை மாற்றும் அதே வரியில் ஃபீல்டுசெட்டின் டிஸேபிள்டையும் மாற்றுங்கள். டிஸேபிள் ஆன புலங்கள் சோதிக்கப்படாது, அனுப்பப்படவும் செய்யாது.

அசைவு வேண்டுமா?

உயரத்தைச் சுழியத்திலிருந்து ‘ஆட்டோ’வுக்கு நேரடியாக அசைக்கச் சிஎஸ்எஸ்ஸின் பழைய டிரான்சிஷனால் முடியாது. அதனால் மேக்ஸ்-ஹைட்டை 500 பிக்சல் என்று வைத்து அசைப்பார்கள். ஆங்கில மாதிரிப் பக்கத்தில் அடங்கிய உள்ளடக்கம் தமிழில் எழுதியதும் 620 பிக்சலாகும். கடைசி இரண்டு மூன்று வரி சத்தமில்லாமல் வெட்டுப்படும். கிரிட்டின் வரிசை அளவைச் சுழியம் எஃப்ஆரிலிருந்து (எஃப்ஆர் என்பது மீதி இடத்தின் பங்கு) ஒன்று எஃப்ஆருக்கு அசைப்பது இதைவிட நல்லது. உள்ளே இருக்கும் பகுதிக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டனும் மின்-ஹைட் சுழியமும் வேண்டும். வரி உயரம் 1.2 என்று நெருக்கமாக இருந்தால் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் முதல் வரியின் ‘கீ’, ‘றீ’ சுழிகளையும் கடைசி வரியின் ‘மு’, ‘ழு’ வால்களையும் அரிந்துவிடும். 1.6-க்குக் குறையாமல் வையுங்கள்.

இப்படி உயரத்தால் மறைத்ததற்குள் டேப் விசை போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூடிய நிலையில் விசிபிலிட்டி ஹிட்டனும் சேர வேண்டும். அசைவைக் குறைக்கச் சொல்லிப் போனில் அமைத்திருப்பவருக்கு அசைவே இல்லாமல் திறக்கட்டும். இவ்வளவும் செய்ய நேரமில்லையென்றால் அசைவை விட்டுவிடுங்கள். சட்டென்று திறப்பதைப் பற்றி எந்த வாடிக்கையாளரும் புகார் சொல்ல மாட்டார்.

எதற்கு எது

கோயில் பக்கம், விலைப்பட்டியல், கேள்வி பதில் இவற்றுக்கு டீடெய்ல்ஸ், கூடவே அச்சுக்கான அந்தப் பத்து வரி. ஆர்டர் படிவத்துக்கு ஹிட்டனும் ஃபீல்டுசெட்டும்.

டைல்ஸ் பட்டறைக்கும் டீடெய்ல்ஸ் சரி. ஆனால் படங்களைக் கவனியுங்கள்: மூடியிருந்தாலும் சாதாரணப் படம் இறங்கத்தான் செய்யும். எட்டங்குல டைலைத் தரையில் நான்காக அடுக்கி எடுத்த படம் ஒன்று 300 கேபி என்றால், 40 டிசைனுக்கு 12 எம்பி. ஒவ்வொரு படத்துக்கும் லோடிங் ‘லேசி’ எழுதினால் திறக்கும்போதுதான் இறங்கும். அகலம் உயரம் இரண்டையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் திறந்த பிறகு பக்கம் குதிக்கும். கிளிக் செய்த பிறகு சர்வரிலிருந்து உள்ளடக்கத்தைக் கொண்டுவருவதைத் தவிர்க்கலாம்: கூகுள் உங்கள் பட்டனை அழுத்திப் பார்க்காது, எச்டிஎம்எல்லிலேயே எழுதி மூடி வைத்திருப்பதை அது படிக்கும். இன்னொன்று: சிமென்ட் டைலில் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்ற எச்சரிக்கையை எந்தப் பட்டனுக்குப் பின்னாலும் வைக்க வேண்டாம். டைல் விலை, தொலைபேசி எண், விடுமுறை நாள் மூன்றும் அப்படியே.

கானாடுகாத்தான் வீட்டுக்குத்தான் கொஞ்சம் நிரல் எழுத வேண்டிவரும். முகப்பையும் வளவையும் காட்டும் வீடியோவை ஓடவிட்டுப் பகுதியை மூடினால் படம் மறையும், சத்தம் தொடரும். டாகிள் நிகழ்வில் வீடியோவை பாஸ் செய்ய வேண்டும். லீஃப்லெட் போன்ற நூலகத்தால் வரைந்த வரைபடம் மூடிய பகுதிக்குள் உருவானால் அகலம் சுழியம் என்று நினைத்துக்கொள்ளும். திறந்ததும் மூலையில் ஒரு துண்டும் மற்றதெல்லாம் சாம்பல் நிறமுமாக நிற்கும். திறந்த பிறகு இன்வேலிடேட்-சைஸை அழைக்க வேண்டும், அல்லது முதல் முறை திறக்கும்போதே வரைபடத்தை உருவாக்க வேண்டும். இரண்டாவது வழியில், வரைபடத்தைத் திறக்காதவருக்கு டேட்டாவும் மிச்சம்.